ஒன்பது விநாடி

மூன்றாவது வாரமும் அவளை ஃபைல் அறையில்தான் உட்கார வைத்தார்கள்.

அவள் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவி. படிப்பின் நடுவே ஆறு மாதம் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்க வேண்டும் என்பது கல்லூரியின் விதி. அங்கே உள்ள மேனேஜர் மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அடுத்த பருவத்துக்குப் போகலாம். அவள் வகுப்பிலிருந்து இரண்டு பேர் இந்தக் கம்பெனிக்கு வந்தார்கள். வண்டிக் கதவுகளுக்கு வேண்டிய கீல்களும் தாங்கு தகடுகளும் செய்யும் கம்பெனி. கூட வந்தவனை வகுப்பில் சுருட்டை என்று கூப்பிடுவார்கள், தலைமுடி அப்படி. நல்ல பையன்தான், ஆனால் இயந்திர வரைபடப் பரீட்சையை இரண்டு முறை எழுதியவன். அவனை முதல் நாளே டிசைன் அறையில் பெரிய கணினித் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். அவள் கையில் அலமாரிச் சாவியைக் கொடுத்தார்கள்.

உற்பத்தி மேனேஜரின் அறைக்குப் போய்க் கேட்டே விட்டாள்.

"சார், நானும் மெக்கானிக்கல்தான்."

"தெரியும்மா. அதான் அந்த அலமாரிக் கதவை உன்னை நம்பி விட்டிருக்கேன். கீல் இறுகிப் போய்க் கிடக்கு, கொஞ்சம் எண்ணெய் விடு" என்றார் மேனேஜர். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு உச்சந்தலை வரை சுட்டது. மூக்கு நுனியில் கோபம் உட்கார்ந்திருக்கும் பிறவி என்று வீட்டில் அவளுக்குப் பெயர். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அலமாரிக் கதவுக்கு எண்ணெயும் விட்டாள். மணிக்கு மணி எத்தனை துண்டு தயாரானது என்று எழுதிய உற்பத்தித் தாள்களைத் தேதிவாரியாக, இயந்திரவாரியாக அடுக்கினாள். வேலை என்று வந்துவிட்டால் அரைகுறையாகச் செய்ய அவளுக்கு வராது.

நான்காவது வாரம், தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ் இயந்திரங்கள் இருக்கும் பகுதியில் ஒருவர் வேலையை விட்டுப் போனார். மணிக்கணக்கை எழுத ஆள் இல்லை. அப்படித்தான் அவள் கீழே இறங்கி வந்தாள்.

சட்டைப் பையில் எப்போதும் ஆறங்குல எஃகு ஸ்கேல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ஆளும் ஒல்லி, உயரம். இரண்டே நாளில் அவளுக்கு ஸ்கேல் என்று பெயர் விழுந்தது. பெயர் வைத்தது நாலாம் நம்பர் பிரஸ்ஸை ஓட்டும் அக்கா. நாற்பது வயதிருக்கும். பதினோரு வருடமாக அதே பிரஸ். அந்தச் சத்தத்திலும் தன் குரல் கேட்கும்படி பேசக் கற்றுக்கொண்டவர்.

"ஏ ஸ்கேல், நின்னுக்கிட்டே இருக்கியே, உன்னை யாராவது சுவத்துல சாய்ச்சு வெச்சுட்டாங்களா? உக்காரு."

அவள் உட்காரவில்லை. அக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டையான தகட்டை எடுத்து அச்சின் மேல் வைக்க வேண்டும். இரண்டு சின்ன ஊசிகளில் அதன் துளைகள் சரியாக உட்கார வேண்டும். பிறகு கையை வெளியே எடுத்து, இடமும் வலமும் தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால்தான் பிரஸ் இறங்கும். போதாததற்கு முன்னால் இரண்டு கம்பங்கள். அவற்றுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள். குறுக்கே கை போனால் பிரஸ் அப்படியே நின்றுவிடும். அதைச் சென்சார் என்பார்கள். எல்லாம் கச்சிதம். ஆனால் ஊசிகள் குட்டை. தகடு சாய்ந்து சாய்ந்து விழுந்தது. ஒரு துண்டுக்கு இருபத்திரண்டு விநாடி. அதில் பாதி தகட்டோடு மல்லுக்கட்டுவதிலேயே போனது.

ஒன்றரை மாதம் அவள் அளந்தாள், வரைந்தாள், அழித்தாள். கருவி அறையில் ஃபிட்டர் ஒருவர் இருந்தார். வாயைத் திறந்தால் காசு கொடுக்க வேண்டும் என்பதுபோல் பேசாத மனிதர். அவரிடம் பென்சில் படத்தை நீட்டினாள். தகட்டைச் சரிவாக உள்ளே வாங்கித் தானாகவே சரியான இடத்தில் உட்கார வைக்கும் ஓர் இரும்புச் சட்டம். ஃபிட்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த மூலைய உருட்டு. கை கிழிக்கும்" என்றார். அவ்வளவுதான். நான்கு நாளில் சட்டம் தயாரானது.

பதின்மூன்று விநாடி!

"அடிப்பாவி" என்றார் அக்கா, முப்பதாவது துண்டை எடுத்து வைத்துவிட்டு. "பதினோரு வருஷமா என் தோள்பட்டை செத்துச்சு. நீ முன்னாடியே பொறந்திருக்கக் கூடாதா?"

அந்த வாரம் ஸ்கேல் தரையில் நடக்கவில்லை. அதற்கடுத்த வாரம், பொருள் வாங்கும் வண்டிக் கம்பெனிக்காரர்கள் பார்வையிட வந்தபோது மேனேஜர் அந்தச் சட்டத்தின் வரைபடத்தைத் திரையில் காட்டினார். "எங்க டீம் பண்ணினது" என்றார். வரைபடத்தின் மூலையில் வடிவமைத்தவர் என்ற கட்டத்தில் சுருட்டையின் பெயர் இருந்தது. அனுமதித்தவர் என்ற கட்டத்தில் மேனேஜரின் பெயர். அவளுடைய பென்சில் படத்தைக் கணினியில் ஏற்றியது சுருட்டை என்பதால் அப்படியாம். அவள் அப்போது வந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே சுருட்டையைப் பிடித்தாள். "உன் பேரு எப்படிடா வந்துச்சு?"

"அவரே போட்டுட்டார். நான் என்ன பண்ண?"

"இது என்னோடதில்லைன்னு சொல்லியிருக்கலாம். வாய் இருக்குல்ல?"

"சின்ன விஷயம். விடேன்" என்றான் அவன்.

அவளுக்கு விட மனமில்லை. ஆனாலும் விட்டாள். இன்னும் மூன்று மாதம் ஓட்ட வேண்டுமே.

பதின்மூன்று விநாடியைக் கண்டதும் மேனேஜருக்கு ஆசை ஊறியது. இலக்கை ஒன்பதாக்கிச் சுவரில் எழுதி ஒட்டினார். மணிக்கு நானூறு துண்டு. ஒன்பது எப்படி முடியும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் வந்தபோது பதில் தரையில் கிடந்தது. இரண்டு பொத்தான்களின் இணைப்பைக் கழற்றிவிட்டு ஒரு கால் பெடலைப் பொருத்தியிருந்தார்கள். கை பொத்தானுக்குப் போய் வரும் நேரம் மிச்சம். ஆனால் சென்சார் வேலை செய்தால் கையை முழுதாக வெளியே எடுக்கும்வரை பிரஸ் இறங்காது. ஆகவே சென்சாரின் சாவியைத் திருப்பி அணைத்தும் விட்டார்கள். கம்பத்தின் பச்சை விளக்கு செத்துக் கிடந்தது.

அவள் சூப்பர்வைசரிடம் ஓடினாள். "சார், சென்சார் ஆஃப்ல இருக்கு."

"தெரியும். ஷிஃப்ட் புக்ல எழுதி வெச்சிட்டுப் போ."

எழுதினாள். மேனேஜரிடமும் போனாள். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னும் மூணு மாசத்துல உனக்கு மதிப்பீட்டுத் தாள் எழுதணும். நல்லா எழுதணும்னு ஆசையா இருக்கு. கெடுத்துக்காதே."

அதன் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதின்மூன்று நாள். தினமும் நாலாம் நம்பர் பிரஸ்ஸின் பக்கத்தில் நின்று நானூறு, முன்னூற்றுத் தொண்ணூற்றெட்டு, நானூற்று இரண்டு என்று எழுதி, மாலையில் தாளை ஃபைல் அறையில் அடுக்கினாள். அக்கா இப்போதெல்லாம் கிண்டல் செய்வதில்லை. பேச நேரமில்லை. கை உள்ளே, கால் கீழே, கை வெளியே. அந்தத் தாளம் ஒருமுறை தப்பினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே எழுதிக்கொண்டிருந்தாள்.

பதினான்காம் நாள், சாப்பாட்டு இடைவேளை முடிந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தகடு ஒன்றில் எண்ணெய்ப் பிசுக்கு. நழுவியதை அக்கா வலது கையால் நேராக்கப் போனார். கால் தன் தாளத்தில் அழுத்திவிட்டது.

அக்கா கத்தவில்லை. "ஸ்கேல்" என்று மட்டும் கூப்பிட்டார், தண்ணீர் கேட்பவர்போல. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

கம்பெனி வண்டி வந்தது. சூப்பர்வைசர் ஏற்றிவிட்டார். கூடப் போகிறேன் என்ற ஸ்கேலைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அவள் திரும்பி உள்ளே வந்தபோது நாலாம் நம்பரைச் சுற்றி ஐந்தாறு பேர். வாளி வாளியாகத் தண்ணீர். ஒருவன் பெடலைக் கழற்றினான், இன்னொருவன் பொத்தான்களை இணைத்தான். யாரோ சாவியைத் திருப்பினார்கள், பச்சை விளக்கு எரிந்தது. ஷிஃப்ட் புத்தகத்தில் அவள் எழுதிய பக்கம் இல்லை. கிழித்த விளிம்புகூடத் தெரியாமல் பிளேடால் வெட்டியிருந்தார்கள். இத்தனை சுறுசுறுப்பான கம்பெனியில் அக்காவை வண்டியில் ஏற்ற மட்டும் இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். சுருட்டையும் அங்கே ஒரு மூலையில் நின்றான். மேசை மேல் இரண்டு தாள்கள். ஒன்று அதே சட்டத்தின் வரைபடம், புதிதாக அச்சிட்டது. வடிவமைத்தவர் என்ற கட்டத்தில் இப்போது அவள் பெயர் இருந்தது. அனுமதித்தவர் என்ற கட்டம் காலி. இன்னொன்று அவளுடைய வாக்குமூலமாம், யாரோ அடித்து வைத்தது. பயிற்சிக்கு வந்த மாணவி அனுமதி பெறாமல் பொருத்திய சட்டத்தில் தகடு சிக்கியது. ஓட்டியவர் தானாகவே பாதுகாப்பை அணைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டார். பயிற்சி மாணவி என்பதால் கம்பெனி நடவடிக்கை எடுக்க விரும்பவில்லை.

அவள் இரண்டு முறை படித்தாள்.

"திரையில காட்டினப்போ இதுல வேற பேர் இருந்துச்சே சார்."

"அது பழைய பிரதி."

"கைதட்டு வாங்கினப்போ அவன் பேரு. கை போனப்புறம் என் பேரா?"

"சத்தம் போடாதே. உனக்கு நல்லது பண்றேன். இதுல கையெழுத்துப் போடு, மதிப்பீட்டுத் தாள்ல நான் போடறேன். இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

அவள் சுருட்டையைப் பார்த்தாள். அவன் தன் ஷூவைப் பார்த்தான்.

"சொல்லுடா. பழைய பிரதியில யார் அனுமதி கொடுத்தாங்கன்னு சொல்லு."

"எனக்கு ஞாபகம் இல்லை" என்றான் சுருட்டை.

வாக்குமூலத்தை அவள் கிழிக்கவில்லை. நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தாள். "ஏய், அதை வெச்சிட்டுப் போ!" என்று மேனேஜர் கத்தியது மாடிப்படி வரை கேட்டது.

வாசலைத் தாண்டும் முன் கல்லூரியிலிருந்து அழைப்பு. பயிற்சிக்குப் பொறுப்பான பேராசிரியர். அதற்குள் விஷயம் போயிருந்தது.

"ஏம்மா, ஒரு கையெழுத்துதானே. வருஷா வருஷம் நம்ம பசங்களை எடுக்கிற கம்பெனி. உன் ஒருத்தியால உன் ஜூனியர்ஸ் வாய்ப்பு போகணுமா?"

"சார், ஒருத்தங்களுக்கு விரல் போயிருக்கு."

"புரியுது, வருத்தமான விஷயம்தான். ஆனா நீ மாணவி. உனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"எந்த வார்டுல இருக்காங்கன்னாவது கேட்டீங்களா சார்?" என்றாள். அவர் பதில் சொல்லும் முன் வைத்துவிட்டாள்.

வீட்டில் அம்மா சீருடை தைத்துக்கொண்டிருந்தார். பள்ளிக் காலர்கள் மலைபோல் குவிந்து கிடந்தன. கேட்டதும் இயந்திரத்தை நிறுத்தினார்.

"அப்ப அந்தத் தாள் கிடைக்காதா?"

"கிடைக்காது."

"ஆறு மாசம் வீணாடி. நாய் படாத பாடு பட்டு உன்னைப் படிக்க வெச்சா, ஊர்ல இருக்கிற அநியாயத்தை எல்லாம் நீ ஒருத்திதான் தட்டிக் கேக்கணுமா? உன் விரலா போச்சு?"

சொல்லிவிட்டு அம்மா தன் கையைப் பார்த்தார். ஊசிக்கு அரை அங்குலம் தள்ளி, துணி மேல் விரித்தபடி இருந்தது அது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கோபம் தீரவில்லை என்பது சோற்றைத் தட்டில் போட்ட வேகத்தில் தெரிந்தது.

அடுத்த நாள் மருத்துவமனைக்குப் போனாள். எட்டுக் கட்டில் போட்ட அறையில் ஜன்னலோரம் அக்கா. வலது கை முழங்கை வரை வெள்ளைப் பொட்டலம். பக்கத்தில் கணவர், கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன பழப் பையைத் தொடாமல் காலடியில் வைத்திருந்தார்.

"அக்கா, நான் பண்ணின சட்டம்தான்…" என்று ஆரம்பித்தாள்.

"உன் சட்டம் நல்ல சட்டம். அதைப் பத்திப் பேசாதே." அக்கா திரும்பிப் பார்த்தார். "பச்சை விளக்கு எரியலைன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"எத்தனை நாளா?"

"பதின்மூணு நாளா."

"படிச்சவ. பக்கத்துல நின்னு எழுதிக்கிட்டே இருந்தே. எனக்குப் பயம், ரெண்டு பிள்ளைங்க, வேலை போயிடும். உனக்கு என்ன பயம்? ஏன் ஊரைக் கூட்டல?"

ஸ்கேலுக்கு "மதிப்பீட்டுத் தாள்" என்று சொல்ல வாய் வரவில்லை. அழுதாள்.

"அழாதே, எரிச்சலா இருக்கு" என்றார் அக்கா. "வந்து மன்னிப்புக் கேட்டா நான் சரின்னுடணும், நீ நிம்மதியாத் தூங்கணும், அதானே? நான் சொல்ல மாட்டேன். எங்கே போய்ச் சொல்லணுமோ அங்கே போய்ச் சொல்லு."

தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலகம் மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. அதிகாரி ஓர் அம்மாள். கடுமையான ஜலதோஷம், கையில் கசங்கிய கைக்குட்டை. விபத்துக்கு மறுநாளே அவர் பிரஸ்ஸைப் போய்ப் பார்த்திருந்தார்.

"எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு? பொத்தான், சென்சார் எல்லாம் வேலை செய்யுது. நீ சொல்றதுக்கு என்ன ஆதாரம்?"

"ஷிஃப்ட் புக்ல எழுதினேன் மேடம். பக்கத்தை வெட்டிட்டாங்க."

அவள் நீட்டிய வாக்குமூலத்தை அதிகாரி புரட்டினார். "இதுல யார் கையெழுத்தும் இல்லை. அப்ப ஒண்ணும் இல்லைன்னு சொல்லு" என்று தும்மினார்.

அவளுக்கு மறுபடி உச்சந்தலை சுட்டது. இந்த முறை அந்தச் சூட்டில் மூளையும் சேர்ந்து வேலை செய்தது.

"மேடம், அந்த ரெண்டு பொத்தானை வெச்சு எவ்வளவு வேகமா ஓட்டினாலும் ஒரு துண்டுக்குப் பன்னெண்டரை, பதின்மூணு செகண்டு ஆகும். மணிக்கு இருநூத்தித் தொண்ணூறைத் தாண்டாது. போன ரெண்டு வாரமும் மணிக்கு நானூறு போட்டிருக்காங்க. அந்தத் தாளெல்லாம் ஃபைல் ரூம்ல நாலாவது அலமாரி, கீழ்த்தட்டுல இருக்கும். அடுக்கினவ நான். பக்கத்தை வெட்டத் தெரிஞ்சவங்களுக்கு அந்தத் தாள் எதைக் காட்டிக் கொடுக்கும்னு தெரிஞ்சிருக்காது."

அதிகாரி கைக்குட்டையைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவை மெதுவாச் சொல்லு" என்றார்.

அன்று மாலையே சொல்லாமல் கொள்ளாமல் இருவரும் போய் இறங்கினார்கள். அதிகாரி முதலில் பிரஸ் பகுதிக்குப் போகவில்லை, ஃபைல் அறைக்குப் போனார். தாள்கள் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் மேனேஜரின் கையெழுத்து. பிறகு கீழே வந்து, மூன்றாம் நம்பர் ஓட்டுபவரை நாலாம் நம்பரில் நிற்க வைத்து, கைப்பேசியில் நேரம் பார்த்தபடி முப்பது துண்டு ஓட்டச் சொன்னார். மனிதர் வியர்க்க வியர்க்க ஓட்டினார். பதின்மூன்று. பதின்மூன்று. பன்னிரண்டரை. அதற்குக் கீழே இறங்கவில்லை.

"நானூறு எப்படி வந்துச்சு?" என்று கேட்டார் அதிகாரி.

"அந்தம்மாவுக்குக் கை வேகம் மேடம்" என்றார் மேனேஜர்.

"கை வேகமா?" ஸ்கேலின் குரல் கூரைத் தகட்டில் மோதித் திரும்பியது. ஓடிக்கொண்டிருந்த மற்ற பிரஸ்கள் ஒவ்வொன்றாக நின்றன. "அந்தக் கையில ரெண்டு விரல் இல்ல சார் இப்ப! அந்தக் கையையே சாட்சிக்குக் கூப்பிடறீங்களா? வெக்கமா இல்ல? பெடல் போடச் சொன்னது நீங்க, சாவியைத் திருப்பச் சொன்னது நீங்க, ஒன்பதுன்னு சுவத்துல எழுதி ஒட்டினது நீங்க. நான் பார்த்துக்கிட்டு சும்மா இருந்தேன், அது என் தப்பு, நான் எங்க வேணும்னாலும் சொல்றேன். உங்க தப்பை நீங்க சொல்லுங்க!"

"இது படிக்க வந்த பொண்ணு மேடம், ஏதோ உணர்ச்சிவசப்பட்டு…"

கருவி அறைக் கதவு திறந்தது. ஃபிட்டர் வந்தார். கையில் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. பேசாமல் வந்து, அதிகாரியின் முன்னால் மேசையில் வைத்துத் துணியைப் பிரித்தார். கால் பெடல்.

"உருக்கப் போடச் சொன்னாங்க. போடல" என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்கு அன்றே முத்திரை வைத்தார்கள். விசாரணை நடந்தது. தவறு ஓட்டியவருடையது இல்லை என்று எழுத்தில் வந்தது; அக்காவுக்குச் சட்டப்படி சேர வேண்டியது சேர்ந்தது; சரக்கறையில் வேலையும் கொடுத்தார்கள். அங்கே இடது கையால் எழுதப் பழகுகிறார். ஸ்கேல் பார்க்கப் போனால் பேசுகிறார், பழையபடி இல்லை. மேனேஜருக்கு அபராதம் விதித்தார்கள். கம்பெனி அவரை வேறொரு கிளைக்கு மாற்றியது, அதே பதவியில். அதைக் கேட்ட அன்று ஸ்கேல் ஒரு பீங்கான் கோப்பையை உடைத்தாள். அம்மா திட்டாமல் துண்டுகளைப் பொறுக்கினார். "அதே பதவியிலயா?" என்று இரண்டு முறை கேட்டார். சுருட்டைக்குப் பயிற்சி முடிந்தது. மன்னிச்சிடு என்று ஒரு செய்தி அனுப்பினான். அவள் பதில் போடவில்லை.

அவளுடைய தாளில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. வகுப்பு மேலே போனது. அவள் இன்னொரு கம்பெனியில் ஆறு மாதத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கான படிவத்தைக் கொடுக்கக் கல்லூரி அலுவலக வரிசையில் நின்றாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் பாதியை நிரப்பியே வைத்திருந்தார். மறுபடி செய்வதற்கான காரணம் என்ற இடத்தில் 'தனிப்பட்ட காரணம்' என்று இருந்தது.

"இது தப்பு சார்."

"எல்லாருக்கும் இதைத்தான் போடுவோம். கையெழுத்துப் போடும்மா."

அவள் பேனாவை எடுத்து அந்த இரண்டு சொற்களையும் அடித்தாள். மேலே சின்ன எழுத்தில் எழுதினாள்: 'பிரஸ்ஸின் பாதுகாப்பை அணைத்து வைத்திருந்ததை மறைத்துக் கையெழுத்துப் போட மறுத்ததால்.'

"இதை வாங்க முடியாது. வேற படிவம் எடுத்து ஒழுங்கா எழுதிட்டு வா."

"ஒழுங்காத்தான் எழுதியிருக்கேன்."

"வாங்க முடியாதுன்னு சொல்றேன்ல?"

"வாங்க முடியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. போயிடறேன்."

பின்னால் வரிசை நீண்டது. "என்னாச்சு முன்னாடி?" "நகருங்கப்பா" என்று குரல்கள். அவள் நகரவில்லை. இரண்டு கைகளையும் ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டு நின்றாள். எழுத்தர் அவளைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். படிவத்தை வெடுக்கென்று இழுத்து, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

"உன் பிரதி" என்று தூக்கிப் போட்டார்.

முத்திரையின் மை காரணத்தின் மேல் படாமல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். படவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்தவருக்கு வழி விட்டாள்.